ப்ராக்டிகல் ஷூட்டிங்: முதல் மேட்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துப்பாக்கி சுடும் போட்டி என்றதும் பெரும்பாலானோர் நினைப்பது ஒலிம்பிக்ஸைத்தான். ஒரே இடத்தில் அசையாமல் நின்று, 10 மீட்டர் தள்ளியுள்ள சின்ன வட்டத்தை மூச்சடக்கிச் சுடுவார்கள். இந்தக் கட்டுரையில் வரும் ப்ராக்டிகல் ஷூட்டிங் ஆட்டம் அதற்கு நேரெதிர். கைத்துப்பாக்கி இடுப்பில் ஹோல்ஸ்டருக்குள் இருக்கும். பீப் ஒலித்ததும் அதை உருவவேண்டும், நகரவேண்டும், சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுடவேண்டும். தோட்டா தீர்ந்தால் ஓட்டத்திலேயே மேகசினை, அதாவது தோட்டா அடைத்த பெட்டியை, மாற்றவேண்டும். இலக்கு அட்டைகளுக்கு நடுவில் சுடக்கூடாத அட்டைகளும் நிற்கும், அவற்றைத் தொடாமல் மற்றவற்றைச் சுடவேண்டும். இத்தனைக்கும் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும்.

1950-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் ஜெஃப் கூப்பரும் நண்பர்களும் நடத்திய போட்டிகளில்தான் இதன் தொடக்கம் இருக்கிறது. கைத்துப்பாக்கியைத் தற்காப்புக்கு எப்படிப் பிடித்தால், எப்படி நின்றால் பலன் கிடைக்கும் என்பதை வாதத்தால் தீர்க்காமல், மோதிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்து, 1976-இல் மிஸௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஐபிஎஸ்சி (இன்டர்நேஷனல் ப்ராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பு உருவானது. கூப்பரே முதல் தலைவர். ஆட்டம் வளர வளர, துப்பாக்கிகளும் பந்தயக் கார்கள் போல ஆகிவிட்டன. ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி), காம்பன்சேட்டர் (சுடும்போது துப்பாக்கி எகிறுவதைக் குறைக்கும் முனைக் கருவி), முழநீள மேகசின் என்று, யாரும் அன்றாடம் இடுப்பில் வைத்துக்கொள்ள முடியாத சாமான்கள் வந்தன. அது பிடிக்காத பில் வில்சன், கென் ஹேக்கதோர்ன் முதலான சிலர் 1996-இல் ஐடிபிஏ (இன்டர்நேஷனல் டிஃபென்சிவ் பிஸ்டல் அசோசியேஷன்) என்ற இன்னொரு அமைப்பைத் தொடங்கினார்கள். சாதாரணத் துப்பாக்கி, சாதாரண ஹோல்ஸ்டர், அதை மறைக்கும் மேலுடை என்பது அவர்களுடைய கொள்கை.

புதியவர் எதில் சேரலாம்? என்னைக் கேட்டால், அருகில் எது நடக்கிறதோ அதில். சுபாவத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு மேட்சில் தனித்தனியாக அமைத்த சுடும் களங்கள் பல இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். ஐபிஎஸ்சியில் ஸ்டேஜை எப்படித் தீர்ப்பது என்பது உங்கள் விருப்பம். எந்த இலக்கை முதலில் சுடுவது, எங்கே நின்று சுடுவது என்று நீங்களே திட்டம் போடுவீர்கள். ஐடிபிஏவில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு கதை இருக்கும். ஏடிஎம் வாசலில் இருவர் வழிமறிக்கிறார்கள், வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்கிற மாதிரி. சுவர் போன்ற மறைவைப் பயன்படுத்தியே ஆகவேண்டும். இலக்குகளை எந்த வரிசையில் சுடவேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஒரு ஸ்டேஜுக்கு 18 தோட்டாவுக்கு மேல் தேவைப்படாது. ஐபிஎஸ்சியின் பெரிய ஸ்டேஜ்கள் 32 தோட்டா வரை போகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது தற்காப்பிலிருந்து பிறந்த விளையாட்டு. தற்காப்பை முழுதாகக் கற்றுத்தரும் பள்ளி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அட்டை திருப்பிச் சுடாது. எந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது முன்பே தெரியும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வதும், பதற்றத்தில் கை தடுமாறாமல் இருப்பதும் நிஜமாகவே வரும். அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம்.

முதலில் வெறுங்கையோடு போங்கள்

சாமான் வாங்குவதற்கு முன் ஒரு மேட்சை முழுதாக நின்று பாருங்கள். பார்வையாளருக்கும் கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம், அவற்றை மட்டும் கொண்டுபோனால் போதும். அமைப்பாளரிடம் "புதுசு, பார்க்க வந்திருக்கேன்" என்று சொன்னால் யாராவது ஒருவர் கூடவே வந்து விளக்குவார். இந்த ஆட்டக்காரர்களிடம் நான் கண்ட நல்ல குணம் அது. கெட்ட குணம், எந்த ஹோல்ஸ்டர் நல்லது என்று கேட்டால் நாலு பேர் ஐந்து பதில் சொல்வார்கள்.

அப்படிப் பார்க்கும்போது சுடுபவரின் துப்பாக்கியை விட்டுவிட்டு, அவர் பின்னால் டைமரோடு நடக்கும் சேஃப்டி ஆபீசரைக் கவனியுங்கள். அவர் கண் இலக்கின் மீது இருக்காது. சுடுபவரின் கை, விரல், துப்பாக்கி முனை, இந்த மூன்றிலும்தான் இருக்கும். இந்த விளையாட்டில் எது முக்கியம் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

உங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பது, எடுத்துச்செல்வது, தோட்டா வாங்குவது பற்றிய சட்டம் என்ன என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு அது தலைகீழாக மாறும். நிஜத் துப்பாக்கிக்கு வழியில்லாத இடங்களில் ஏர்சாஃப்ட் (சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும்) துப்பாக்கியைக் கொண்டே இதே ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஐபிஎஸ்சியில் அதற்கு ஆக்‌ஷன் ஏர் என்று தனிப் பிரிவே இருக்கிறது. விதிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாதுகாப்பு ஒழுங்கும் அதேதான். அதை பொம்மை ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான்கு விதிகள், பிறகு ஒரு கோடு

கூப்பர் வகுத்த நான்கு விதிகளை உலகம் முழுக்க ரேஞ்சுகளில் சொல்லித் தருகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் மீதும் அதன் முனையைத் திருப்பாதே. குறி இலக்கில் நிலைக்கும்வரை விரல் ட்ரிகருக்குப் போகக்கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு.

மேட்சில் இவற்றோடு ஒரு கற்பனைக் கோடும் சேரும். நீங்கள் நிற்கும் இடத்தில் உங்கள் இரு பக்கமும், பின்மேட்டுக்கு (இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டுக்கு) இணையாக ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் ஓடினாலும் துப்பாக்கி முனை அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் வரக்கூடாது. வந்தால் அன்றைய மேட்ச் உங்களுக்கு முடிந்தது. சுட்டீர்களா, சுடவில்லையா என்பது கணக்கில்லை.

வலக்கைக்காரர்கள் இந்தக் கோட்டில் மாட்டுவது பெரும்பாலும் வலமிருந்து இடமாக நகரும்போது மேகசின் மாற்றுகையில்தான். கால் இடப்பக்கம் போகிறது, உடம்பு அதோடு திரும்புகிறது, துப்பாக்கி உடம்புக்கு முன்னால் இருப்பதால் அதுவும் திரும்பிவிடுகிறது. கண்ணோ மேகசின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து எளிது. கால் எந்தப் பக்கம் போனாலும் முனை பின்மேட்டை நோக்கியே இருக்கட்டும், இடுப்புக்கு மேலே உள்ள உடம்பைத் திருப்பாதீர்கள். முதல் சில மேட்சுகளில் மேகசினை நின்றே மாற்றுங்கள். ஒரு விநாடி போகும், போகட்டும்.

வெளியேற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஓடும்போதோ மேகசின் மாற்றும்போதோ விரல் ட்ரிகர் வளையத்துக்குள் இருப்பது, ஸ்டேஜின் நடுவே துப்பாக்கியைக் கீழே போடுவது, எதிர்பாராமல் வெடிப்பது, தன் உடம்பையோ பிறரையோ முனையால் கடப்பது, அனுமதியில்லாத இடத்தில் துப்பாக்கியைக் கையில் எடுப்பது. கடைசியாகச் சொன்னதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மேட்ச் நடக்கும் ரேஞ்சில், சேஃப்டி ஆபீசர் கட்டளை இடும்வரை எல்லோருடைய துப்பாக்கியும் காலியாக, ஹோல்ஸ்டரில் அல்லது பையில் இருக்கவேண்டும். துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து மாட்டவோ, சரிபார்க்கவோ சேஃப் ஏரியா என்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடக்கூடாது. டம்மி தோட்டாவும் கூடாது. கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நண்பரிடம் புதுத் துப்பாக்கியைக் காட்டுவது வீட்டுக்குத் திரும்புவதற்கு மிகச் சுருக்கமான வழி.

காலித் துப்பாக்கி எப்படியோ கீழே விழுந்துவிட்டால் குனிந்து எடுக்காதீர்கள். அப்படியே விட்டு ஆபீசரைக் கூப்பிடுங்கள். அவர் எடுத்து, சரிபார்த்துத் தருவார். விழுவதைப் பிடிக்கக் கையை நீட்டுவது இன்னும் ஆபத்து, விரல் போய் ட்ரிகரில்தான் விழும்.

சாமான்

9 எம்எம் கைத்துப்பாக்கி, கடையிலிருந்து வந்தது வந்தபடியே இருந்தால் போதும். ஐபிஎஸ்சியில் ப்ரொடக்‌ஷன், ஐடிபிஏவில் ஸ்டாக் சர்வீஸ் பிஸ்டல் என்ற பிரிவுகள் இப்படிப்பட்ட துப்பாக்கிகளுக்காகவே இருக்கின்றன. மேகசின் குறைந்தது மூன்று, நான்கு இருந்தால் நிம்மதி. பவர் ஃபேக்டர் என்று தோட்டாவின் வலுவைக் காட்டும் ஒரு கணக்கு காதில் விழும். குண்டின் எடையை கிரெய்ன் என்ற அலகிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பதுதான் அது. 115 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1100 அடி போனால் 126.5. 9 எம்எம் காரர்கள் 125-ஐத் தாண்டினால் போதும், சாதாரண ஃபேக்டரி தோட்டா பொதுவாகத் தாண்டிவிடும். உள்ளூர் மேட்சில் யாரும் அளந்து பார்ப்பது அபூர்வம்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் ஹோல்ஸ்டரும் பெல்ட்டும். ஹோல்ஸ்டர் உங்கள் துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ட்ரிகர் முழுதும் மூடியிருக்கவேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்கவேண்டும். துணியில் தைத்த, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் ரகம் வேண்டாம். தோள் ஹோல்ஸ்டர், நடுமுதுகு ஹோல்ஸ்டர் இரண்டையும் ஐடிபிஏவில் அனுமதிக்க மாட்டார்கள். பெல்ட் தொளதொளவென்று இருந்தால் துப்பாக்கியை உருவும்போது ஹோல்ஸ்டரும் கூடவே எழும். விறைப்பான பெல்ட் ஒன்று, மேகசின் பை இரண்டு. ஐடிபிஏவுக்கு இவற்றை மறைக்க முன்பக்கம் திறந்த வெஸ்ட் ஒன்று.

காதுக் கவசம் எலெக்ட்ரானிக்காக இருந்தால் கட்டளைகள் தெளிவாகக் கேட்கும். கண்ணாடியோடு முன்விளிம்பு உள்ள தொப்பியும் வேண்டும். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. வெளியே தெறிக்கும் சூடான வெற்றுத் தோட்டாக் கூடு நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வந்து உட்காரும். கழுத்துப்பட்டி அகன்ற சட்டை போட்டால் அதற்குள்ளும் விழும். விழுந்தால் சுடும், தோல் சிவக்கும். ஆனாலும் துள்ளக்கூடாது, உதறக்கூடாது. முனையைப் பின்மேட்டை நோக்கி வைத்துக்கொண்டு, விரலை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் தவியுங்கள்.

வீட்டில் உலர் பயிற்சி

தோட்டா இல்லாமல் பழகுவதுதான் இந்த விளையாட்டின் பாதி. முதலில் தோட்டா முழுவதையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மேகசினை எடுத்து, சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, பிறகு ஒருமுறை மறுபடி பாருங்கள். குண்டு துளைக்காத சுவர் இருக்கும் திசையையே இலக்காக வையுங்கள். பயிற்சி முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தோட்டாவைத் திரும்ப நிரப்பிய பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று செய்யும்போதுதான் சுவரில் ஓட்டை விழுகிறது.

பழகவேண்டியது துப்பாக்கியை உருவுவது. மேலுடையை விலக்கும் கையும், பிடியைப் பற்றும் கையும் தனித்தனி வேலை செய்யும். ஹோல்ஸ்டரில் இருக்கும்போதே பிடி முழுதாகப் பதியவேண்டும், வெளியே வந்த பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. மேலே இழு, முனையை முன்னால் திருப்பு, நெஞ்சுக்கு முன் மறுகை வந்து சேரட்டும், இரண்டும் சேர்ந்து நேரே நீளட்டும். குறி கண்ணுக்குத் தெரியும்போதுதான் விரல் உள்ளே போகும். மெதுவாகச் செய்யுங்கள், வேகம் தானாக வரும்.

திரும்ப ஹோல்ஸ்டரில் வைப்பதற்குப் பரிசு எதுவும் கிடையாது. ஆனாலும் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். சட்டை நுனியோ, வெஸ்ட்டின் கயிறோ ட்ரிகர் வளையத்துக்குள் சிக்கினால் குண்டு தொடையில்தான் பாயும். மேலுடையை நன்றாக விலக்கி, குனிந்து ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பார்த்து, ஆற அமர வையுங்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

மேட்ச் நாள்

அறிவிப்பில் குறைந்தபட்சத் தோட்டா எண்ணிக்கை போட்டிருப்பார்கள், அதைப்போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மூடிய காலணி, கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேர்வது. பதிவின்போதே இது முதல் மேட்ச் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கிளப்புகளில் புதியவர்களுக்குத் தனியாகப் பாதுகாப்பு விளக்கம் இருக்கும், சில இடங்களில் முன்கூட்டியே ஒரு பயிற்சியும் முடித்திருக்கவேண்டும். உங்களை ஒரு ஸ்குவாடில் சேர்ப்பார்கள், அந்தக் குழுவோடு ஸ்டேஜ் ஸ்டேஜாக நகர்வீர்கள். வரிசையில் முதல் ஆளாக இருக்காதீர்கள். நாலைந்து பேர் சுடுவதைப் பார்த்துவிட்டுப் போனால் ஸ்டேஜ் மனதில் பதிந்திருக்கும்.

சுடாத நேரத்தில் வேலை உண்டு. சுட்டு முடித்தவரின் புள்ளிகளைக் குறித்த பிறகு அட்டையின் ஓட்டைகளை ஸ்டிக்கர் ஒட்டி மூடவேண்டும், விழுந்த இரும்பு இலக்குகளை நிமிர்த்தவேண்டும். குறிப்பதற்கு முன்னால் ஒட்டிவிட்டால் அந்த மனிதர் மறுபடி சுடவேண்டி வரும், நட்பும் கெடும். கையில் ஸ்டிக்கர் சுருளோடு சுறுசுறுப்பாக இருக்கும் புதியவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

உங்கள் முறை வரும்போது கட்டளைகள் ஆங்கிலத்தில், எங்கும் ஏறத்தாழ ஒரே சொற்களில் வரும். "லோட் அண்ட் மேக் ரெடி" என்றால் துப்பாக்கியை எடுத்து, நிரப்பி, ஹோல்ஸ்டரில் வைத்து, தொடக்க நிலையில் நில்லுங்கள். இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம், யாரும் துரத்தவில்லை. "ஆர் யூ ரெடி?" என்பதற்குத் தயாரில்லை என்றால் இல்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். "ஸ்டாண்ட்பை" என்ற பிறகு சில நொடிகளில் பீப். சுட்டு முடித்ததும் "இஃப் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ க்ளியர்". அப்போது முதலில் மேகசினை எடுக்கவேண்டும், அதன் பிறகே சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியேற்றவேண்டும். வரிசை மாறினால் துப்பாக்கி மறுபடி நிரம்பிவிடும். காலியானதை ஆபீசருக்குக் காட்டி, அவர் சொன்னபடி பாதுகாப்பான திசையில் ட்ரிகரை அழுத்தி, ஹோல்ஸ்டரில் வையுங்கள். "ரேஞ்ச் இஸ் க்ளியர்" கேட்கும்வரை யாரும் இலக்குப் பக்கம் போகக்கூடாது. நடுவில் எப்போதாவது "ஸ்டாப்" என்று குரல் கேட்டால் அப்படியே உறைந்துவிடுங்கள். காரணம் அப்புறம் கேட்கலாம்.

வெடிச்சத்தம் வழக்கத்துக்கு மாறாக, பொத்தென்று பலவீனமாக ஒலித்தால் நீங்களாகவே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

புள்ளிக் கணக்கு: வேகம் எப்போது நஷ்டம்

ஐடிபிஏவில் எல்லாமே நேரம். அட்டையின் நெஞ்சுப் பகுதியில் 8 அங்குல வட்டம், தலையில் சின்ன வட்டம், இவற்றில் பட்டால் அபராதமில்லை. அதைச் சுற்றியுள்ள பகுதியில் பட்டால் 1 விநாடி, இன்னும் விளிம்பில் 3, அட்டையிலேயே படாவிட்டால் 5 விநாடி கூடும். சுடக்கூடாத அட்டையைச் சுட்டால் 5. மறைவை விட்டு வெளியே வருவது, வரிசை தப்புவது போன்ற நடைமுறைப் பிழை ஒவ்வொன்றுக்கும் 3.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஆறு இலக்கு, இலக்குக்கு இரண்டு தோட்டா. ஒருவர் 18.40 விநாடி எடுத்து, விளிம்புகளில் மொத்தம் 5 புள்ளி இழக்கிறார், புள்ளிக்கு 1 விநாடி. அவர் கணக்கு 23.40. இன்னொருவர் 15.10 விநாடியில் பறந்துவிட்டார். 7 புள்ளி இழப்பு, சுடக்கூடாத அட்டையில் ஒன்று. மொத்தம் 27.10. பார்வையாளர்கள் கைதட்டியது இரண்டாமவருக்கு, ஸ்டேஜை வென்றது முதலாமவர்.

ஐபிஎஸ்சியில் கணக்கு வேறு. எடுத்த புள்ளியை நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அட்டையின் நடுப்பகுதி ஏ, வெளியே போகப்போக சி, டி. 9 எம்எம் காரருக்கு ஏ பகுதிக்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1. தவறவிட்டால் புள்ளி கிடைக்காததோடு 10 கழியும். அதே ஆறு இலக்கில் பன்னிரண்டும் ஏ என்றால் 60 புள்ளி, 16 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 3.75. எட்டு ஏ, மூன்று சி, ஒரு டி எடுத்து 12 விநாடியில் முடித்தவருக்கு 50-ஐ 12-ஆல் வகுக்க 4.17. இங்கே வேகம் ஜெயித்துவிட்டது. அந்த டி மட்டும் அட்டைக்கு வெளியே போயிருந்தால் புள்ளி 39, ஹிட் ஃபேக்டர் 3.25. கொஞ்சம் ஓரமாகப் படுவதை இந்த ஆட்டம் மன்னிக்கும், படாமல் போவதை மன்னிக்காது.

புதியவருக்கு இரண்டு கணக்கிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றே. குறி தெரிந்த பிறகு அழுத்துங்கள். கால்களால் நேரத்தைச் சேமிக்கலாம், விரலால் முடியாது. முதல் மேட்சில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி சுடுவதில் போகாது, அடுத்து எங்கே என்று தேடுவதில்தான் போகும். அதனால் ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்கத் தரும் சில நிமிடங்களில் ஒவ்வொரு இலக்கும் எந்த இடத்தில் நின்றால் தெரிகிறது, மேகசினை எங்கே மாற்றப்போகிறீர்கள் என்ற இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள். ஐடிபிஏவில் பாதி நிரம்பிய மேகசினைத் தரையில் எறிந்துவிட்டுப் போகக்கூடாது, பையில் போட்டுக்கொள்ளவேண்டும். அதையும் திட்டத்தில் சேருங்கள்.

மறைவில் நிற்கும்போது சுவரோடு ஒட்டாதீர்கள். ஒரு கை நீளம் தள்ளி நின்று, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, கண்ணுக்கு முதலில் தெரியும் இலக்கை முதலில் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இது விதியும்கூட.

முடிந்த பிறகு

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். தோட்டாப் புகையில் ஈயம் இருக்கும். போட்டுவந்த உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம்.

முடிவுப் பட்டியலில் உங்கள் பெயர் கீழேதான் இருக்கும், அதை விடுங்கள். ஸ்டேஜ் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நேரம் அதிகமா, புள்ளி இழப்பு அதிகமா, நடைமுறைப் பிழையா? மூன்றில் எது பெரிதோ அதை மட்டும் அடுத்த மேட்ச் வரை உலர் பயிற்சியில் கவனியுங்கள். பிழைதான் பெரிது என்றால் பயிற்சியே வேண்டாம், விதிப்புத்தகத்தின் இப்போதைய பதிப்பை எடுத்துப் படியுங்கள். இரண்டு அமைப்புகளும் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன, அவ்வப்போது மாற்றவும் செய்கின்றன. ஐடிபிஏவில் நோவிஸ், மார்க்ஸ்மேன், ஷார்ப்ஷூட்டர், எக்ஸ்பர்ட், மாஸ்டர் என்று படிகள் உண்டு. அதற்கான தேர்வை கிளப் எப்போது நடத்துகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சுட்டுக்காட்டும் தேர்வுதான், இரண்டு மூன்று மேட்ச் ஆடிவிட்டுப் போனால் உங்கள் நிஜ மட்டம் தெரியும்.